நாலு படங்குல தச்ச டென்ட்

இப்ப இலங்கை மலைநாட்டுல, எங்க டயகமப் பக்கம் லீவு நாள்ல வெளியூர்ப் பயலுக சைக்கிள்ல வாராங்க. தலையில பளபளன்னு தொப்பி, பின்னால வாழைத்தண்டு மொத்தத்துக்குச் சுருட்டிக் கட்டுன டென்ட்டு. கடைக்கிட்ட நிப்பாட்டி, மேல போற பாதை எதுன்னு என்கிட்ட கேப்பாங்க. நான் பாதையச் சொல்லிட்டு அந்தச் சுருட்டையே பாத்துக்கிட்டு நிப்பேன். போன மாசம் ஒருத்தன், "என்னா தாத்தா, டென்ட்ட பாத்ததே இல்லையா?"ன்னு கேட்டான். எனக்குச் சுருக்குன்னு ஏறிருச்சு. "அட போடா, உங்கப்பன் பொறக்குறதுக்கு முன்னாடியே சைக்கிள்ல டென்ட்டு கட்டிக்கிட்டுப் போனவன்டா நான்"னேன். நம்பல அவன். சிரிச்சுட்டு மிதிச்சுப் போயிட்டான்.

சிரிக்கட்டும். அன்னிக்கும் எல்லாரும் சிரிக்கத்தான் செஞ்சாங்க.

எழுபதுகளோட நடுவுல, மாவுக்குக் கியூவுல நின்ன பஞ்சம் கொஞ்சம் ஓஞ்ச நேரத்துல எனக்குக் கல்யாணமாச்சு. எங்க தேயிலைத் தோட்டத்துல வரிசை வீடுகளுக்கு லயம்னு பேரு, பொண்ணு மேல் லயம். எங்க வீடு கீழ் லயத்துல பத்தடிக்குப் பன்னண்டடியில ஒரே காம்பரா. அதுக்குள்ள அப்பா, அம்மா, ரெண்டு தங்கச்சி, ஒரு தம்பி, நான். லயத்துல ஒரு ஏற்பாடு உண்டு. கல்யாணமானா மூணு நாளைக்கு வீட்டாளுங்க எல்லாம் பாயச் சுருட்டிக்கிட்டுப் பக்கத்துக் காம்பராவுல போயி படுத்துக்குவாங்க. நாலாம் நாள் திரும்பி வந்து, நடுவுல ஒரு சாக்குத் திரையத் தொங்க விடுவாங்க. அவ்வளவுதான் புது மாப்புளைக்கும் பொண்ணுக்கும் உள்ள ராச்சியம். திரைக்கு அந்தப் பக்கம் எங்கப்பா இருமுவாரு. நாங்க ரெண்டு பேரும் இந்தப் பக்கம் பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடப்போம். ஒரு வார்த்தை பேசணும்னா விடிஞ்சப்புறம் பீலியில தண்ணி புடிக்கும்போதுதான் பேசணும். அங்கயும் வாளி வெச்சுக்கிட்டு இருபது பேரு நிப்பாங்க.

ரெண்டு மாசம் பொறுத்தா. ஒருநா பீலிக்கரையில என்னைப் பாக்காமலே சொன்னா: "ஏங்க, நமக்குப் பேசிக்கிறதுக்கு இந்த ஒலகத்துல ஒரு எடமும் இல்லையாங்க?"

அந்தக் கேள்விதான் டென்ட்டுக்கு விதை.

என் வேலை தபால். காலையில ஆளுகளப் பேரு கூப்புடுற பெரட்டு முடிஞ்சதும் தோட்டக் கந்தோர்ல, அதான் ஆபீசுல, தோல் பைய வாங்கிக்கிட்டு, சைக்கிள்ல அக்கரப்பத்தனை டவுனுக்குப் போயி, தொரை கடுதாசி, கிளாக்கர் கடுதாசி, லயத்துச் சனங்களுக்கு வர்ற கடுதாசி எல்லாத்தையும் வாங்கிட்டு வரணும். சைக்கிள் தோட்டத்துது. ஒரு பக்கம் பிரேக்கு கட்டை தேஞ்சு, எறக்கத்துல செருப்பக் கழட்டி டயருல அழுத்தித்தான் நிப்பாட்டணும். சனிக்கெழம தபால் முடிஞ்சதுலேருந்து ஞாயித்துக்கெழம வரைக்கும் சொந்த வேலைக்கு எடுத்துக்கன்னு பெரிய கிளாக்கரய்யா விட்டிருந்தாரு. சைக்கிள் இருக்கு. மேல காடு இருக்கு. வீடு மட்டுந்தான் இல்ல. அதத் தச்சுப்புடுவோம்னு முடிவு பண்ணேன்.

துணிக்கு எங்க போறது? கொழுந்தெடுக்கப் போற பொம்பளைங்க, செடி கிழிக்காம, பனித்தண்ணி ஊறாம இருக்க இடுப்புல ஒரு முரட்டுத் துணியச் சுத்திக்குவாங்க. அதுக்குப் படங்குன்னு பேரு. அவளோட பழைய படங்கு ரெண்டு, எங்கம்மாவோட பழைய படங்கு ரெண்டு, ஆக நாலையும் சேத்துக் கோணி ஊசியில நானே தச்சேன். பக்கத்துத் தோட்டத்து வேதக்காரங்க கோயில்ல எரிஞ்சு மிஞ்சுன மெழுகுதிரித் துண்டுகள உபதேசியார் ஒரு டின்னு நெறைய குடுத்தாரு. அத உருக்கித் துணியில தேச்சேன். தண்ணி நிக்காதாம். யாரு சொன்னது? நானாத்தான் நெனச்சுக்கிட்டேன். மூணு வாரத்துக்கு லயமே மெழுகு நாத்தம். "என்னா, எங்கயாவது சாவா?"ன்னு கேட்டுக்கிட்டே போனாங்க.

சைக்கிள்ல கட்டுறதும் ஒரு வித்தை. டென்ட்டச் சுருட்டி கேரியர்ல போட்டு, பழைய டியூப்பக் கிழிச்ச ரப்பரால நாலு சுத்து. ரெண்டு தைல மரக் கம்பு சைக்கிள் பாருக்கு அடியில நீளவாக்குல. முன்னால ஹேண்டில்ல கேத்தல் ஒரு பக்கம், மாவுப் பொட்டலம் ஒரு பக்கம். கம்பளி என் தோள்ல. ஏத்தத்துல நான் தள்ளணும், அவ பின்னால கேரியரப் புடிச்சுத் தள்ளணும். சமதரை வந்துட்டா அவ ஏறி டென்ட்டு மேல உக்காந்துக்குவா. லயம் கண்ணுல பட்டதும் குதிச்சு எறங்கி, ஒண்ணுந் தெரியாத மாதிரி பத்தடி தள்ளி நடப்பா.

மொத தடவ நாங்க கெளம்புன சனிக்கெழம சாயங்காலத்த மறக்கவே முடியாது. லயத்து இஸ்தோப்புத் திண்ணையில அத்தனை தலையும் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. "என்னா தம்பி, சர்க்கஸ் கெளம்பிருச்சா?"ன்னு ஒருத்தரு. "வீட்டத் தூக்கிக்கிட்டுப் போறது நத்தைதான்னு நெனச்சேன்"னு எங்க கங்காணி. அவளுக்கு முகமெல்லாம் செவந்து போச்சு. எங்கம்மாதான் காப்பாத்துச்சு. "மலைச்சாமிக்கு நேத்திக்கடன். ராத்தங்கித்தான் வரணும்னு வாக்கு வந்திருக்கு. சிரிச்சீங்க, கண்ணு போயிரும்"னு ஒரு போடு போட்டுச்சு. சிரிப்பு நின்னுருச்சு. மலைச்சாமியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஆனா அடுத்த தடவ நாங்க கெளம்பறப்ப நாலு வீட்டுலேருந்து சூடம் குடுத்து விட்டாங்க. பிள்ளைக்குக் காச்சலு, புருசனுக்கு வேலை, மாட்டுக்கு மடி வீக்கம்னு ஆளுக்கொரு வேண்டுதல். என்னா பண்றது? மேல போயி ஒரு கல்ல நட்டு, பொய்யாகிறக் கூடாதுன்னு அத்தனை பேரு சூடத்தையும் அவ ஒண்ணொண்ணா பேரு சொல்லி ஏத்துவா.

எங்க எடம் டயகமவுக்கு மேல, தேயிலை முடிஞ்சு காடு தொடங்குற எல்லையில ஒரு பட்டிப்புல் மேடு. பக்கத்துல ஓடை. மொத நாளே மழை. நான் மெழுகு மேல வெச்ச நம்பிக்கையெல்லாம் கால் மணி நேரத்துல கரைஞ்சுருச்சு. நாலு படங்குல ஓரம் எங்கயும் ஒழுகல. சரியா நடுத் தையல்ல, அவ படங்கும் எங்கம்மா படங்கும் சேர்ற எடத்துல சொட்டுச் சொட்டுன்னு ஒழுகுது. நான் தலையில கைய வெச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். அவ அண்ணாந்து பாத்துட்டு, "மாமியாரும் மருமகளும் சேர்ற எடமுல்ல, அப்புடித்தான் ஒழுகும்"னா. எனக்கு வந்துச்சு பாருங்க சிரிப்பு! அவ கேத்தல எடுத்து ஒழுக்குக்கு நேரா வெச்சா. அதுல புடிச்ச தண்ணியிலதான் காலையில தேயிலைச் சாயத்தண்ணி போட்டோம்.

அன்னிக்குத்தான் அவ குரல நான் முழுசாக் கேட்டேன். அதுவரைக்கும் கேட்டதெல்லாம் குசுகுசுப்பு. கட்டுன பொண்டாட்டி குரலு இவ்வளவு பெருசுன்னு மூணு மாசங் கழிச்சுத் தெரிஞ்சுக்கிட்டவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். பாடுவா, திட்டுவா, சின்ன வயசுல, வேலைக்குப் போறவங்க பிள்ளைகள விட்டுட்டுப் போற பிள்ளைக்காம்பராவுல ஆயாகிட்ட அடி வாங்குனத நடிச்சுக் காட்டுவா. காலையில புல்லு மேல வெள்ளையா உறைபனி படிஞ்சிருக்கும். மரைமான் ஒண்ணு வந்து டென்ட்ட மோந்து பாக்கும். மாவைப் பெசைஞ்சு கல்லுல ரொட்டி தட்டி, கட்டச் சம்பலோட திம்போம். தோட்டத்துக்கே கேக்குற மாதிரி அவ ஏப்பம் விடுவா. "இங்க யாரு கேக்குறது?"ம்பா. மாசத்துக்கு ஒரு தடவ. ஒன்றரை வருசத்துல மழையில விட்டுப்போனதத் தள்ளிட்டா ஒரு பதினஞ்சு தடவ போயிருப்போம். என் வாழ்க்கையில நான் வாழ்ந்தது அந்தப் பதினஞ்சு நாள்தான். மத்ததெல்லாம் வேலைக்குப் போனேன், வந்தேன்.

இப்ப அந்தக் கடுதாசிக் கதைக்கு வரணும். வரத்தான் மனசில்ல.

இந்தியா, இலங்கை ரெண்டு நாட்டுக்காரங்களும் எங்களப் பங்கு போட்டுக்கிட்ட காலம் அது. ஒவ்வொரு வீடும் இந்தியாவுக்கா, இங்கயேவான்னு விண்ணப்பப் பாரம் எழுதிப் போட்டிருந்துச்சு. எங்கப்பா இங்கன்னு எழுதுனாரு. அவ அப்பா, அதாவது என் மாமனாரு, இந்தியாவுக்குன்னு எழுதுனாரு. எழுதுனப்ப அவளுக்குப் பத்துப் பன்னண்டு வயசு. மாமா, அத்தை, ஆறு பிள்ளைங்கன்னு அந்த பாரத்துல எட்டுப் பேரு. அதுல அவளும் ஒருத்தி. அப்புறம் அவ வளந்தா, நான் தாலி கட்டுனேன். அதப் போயி ஒரு கந்தோர்ல எழுதணும்னு எங்க லயத்துல யாருக்கும் தோணாது. பிள்ளை பொறந்தா எழுதுவோம், ஆளு செத்தா எழுதுவோம். கல்யாணத்த மட்டும் மாரியம்மன் பாத்தாச்சுல்லன்னு விட்டுருவோம். அதனால பேப்பர்ல அவ அவங்கப்பா வீட்டுக் கன்னிப்பொண்ணு. எனக்கு யாருமில்ல.

பாஸ்போட்டு வருதுங்கிற பேச்சு வந்தா மாமா சிரிப்பாரு. "பத்து வருசமா வருது மாப்புள. கப்பலே கெழடாயிருச்சு"ம்பாரு. எனக்கு மட்டும் சிரிப்பு வராது. ஏன்னா எந்தெந்த லயத்துக்கு அந்த நீட்டு உறை வருதுன்னு பாக்குறவன் நான்தானே. காவி நிறத்துல நீளமா, அரசாங்க முத்திரை குத்தி, இங்கிலீஷ்ல டைப் அடிச்சு வரும். நான் கொண்டுபோயி குடுத்த வீடுங்க ஒண்ணொண்ணா காலியாச்சு. ஆளுங்க என்னை வரப் பாத்தாலே கதவச் சாத்துனாங்க. எமன் எருமையில வருவான்னு சொல்லுவாங்க, எங்க தோட்டத்துக்குச் சைக்கிள்ல வந்தான்.

ஒருநா டவுன் தபால் கந்தோர்ல, "மல்லி, மேக்கத் ஓயாகே வத்தட்ட"ன்னு, இதுவும் உன் தோட்டத்துக்குத்தான்னு சொல்லி, அங்க வேலை பாத்த சிங்கள ஐயா, மாத்தையான்னுதான் கூப்புடுவோம், ஒரு நீட்டு உறையக் குடுத்தாரு. மாமா பேரு.  வழியில சைக்கிள நிப்பாட்டி, ஒரு பாலத்துச் சொவத்துல உக்காந்து அந்த உறையவே பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு இங்கிலீஷ்ல விலாசம் படிக்க வரும், அவ்வளவுதான். உள்ள என்னா எழுதியிருக்குன்னு எனக்கெதுக்கு? போன்னுதான் எழுதியிருப்பான்னு நெனச்சேன்.

பைக்குள்ள போடல. வீட்டுக்கு வந்து, அடுப்புக்கு மேல பரண் மாதிரி இருக்குற அட்டல்ல சுருட்டி வெச்சிருந்த டென்ட்ட எறக்கி, மடிப்புக்குள்ள சொருகிட்டேன். கடுதாசி போயிச் சேரலன்னா கவர்மென்ட்டு என்னா பண்ணும்? அவங்களுக்கு வாயா இருக்கு, கூப்புட? இப்புடித்தான் என் புத்தி வேலை செஞ்சுச்சு. தபால்காரனுக்குத்தான் அப்புடி ஒரு முட்டாத்தனம் வரும். கடுதாசின்னா என் கையிலதான் ஆரம்பிச்சு என் கையிலதான் முடியுதுன்னு நெனப்பு.

அஞ்சு வாரம் வெச்சிருந்தேன். ஒவ்வொரு நாளும் அத எடுத்துக் குடுத்துறணும்னு நெனப்பேன். சாயங்காலம் அவ கொழுந்துக் கூடைய எறக்கி வெச்சுட்டு, கை விரலெல்லாம் கறையோட சிரிச்சுக்கிட்டு வருவா. நாளைக்குப் பாப்போம்னு விட்டுருவேன். அடுத்து வந்த நாலு சனிக்கெழமையும் மழைன்னு சொல்லி டென்ட்ட எடுக்கவே விடல. அஞ்சாவது வாரம் அவ கேக்கல, தானே ஏறிச் சுருட்டோட எறக்கி வெச்சுட்டா. நான் டவுன்லேருந்து வந்தப்ப சைக்கிளத் தவிர எல்லாம் தயாரு, சைக்கிள் வந்ததும் கேரியர்ல கட்டிப்புட்டா. வழியெல்லாம் எப்புடி எடுக்குறதுன்னு யோசிச்சுக்கிட்டே தள்ளுனேன்.

மேட்டுக்குப் போயிச் சேர்றப்ப தூத்தல் போட ஆரம்பிச்சுருச்சு. நான் கம்ப அவுக்குறதுக்குள்ள அவ டென்ட்ட உதறுனா. உறை புல்லுல விழுந்துச்சு. எடுத்துப் பாத்தா. அவ அஞ்சாம் வகுப்பு, தமிழ் மட்டுந்தான். ஆனா அப்பன் பேரு எந்த பாஷையில இருந்தாலும் மகளுக்குத் தெரியும்.

"ஏங்க, எங்கப்பா கடுதாசி டென்ட்டுக்குள்ள எப்புடிங்க வந்துச்சு? நடந்து வந்துச்சா?"

நான் குனிஞ்சு கம்பையே அவுத்துக்கிட்டு இருந்தேன்.

"எத்தனை நாளாச்சு?"

"அஞ்சு வாரம்"னேன்.

"அட பாவி மனுசா! தபால்காரன் ஒளிச்சு வெச்சா கப்பல் நின்னுருமாக்கும்?"

"குடுத்தா நீ போயிருவ புள்ள"ன்னேன். சொல்லி முடிக்குறதுக்குள்ள எனக்கு அழுகை வந்துருச்சு. ஆம்பளை அழக் கூடாதாம். யாரு பாக்குறது அங்க? மரைதான். அவ அந்த உறைய முந்தானைக்குள்ள வெச்சு நனையாமக் கட்டிக்கிட்டு, என் பக்கத்துல வந்து உக்காந்தா. மழையிலயே உக்காந்திருந்தோம். டென்ட்டு கீழ கெடந்து நனைஞ்சுச்சு. அன்னிக்கு அத நாங்க கட்டவே இல்ல. இருட்டுறதுக்குள்ள எறங்கி வந்துட்டோம்.

திங்கக்கெழம சாயங்காலம் மாமா, அத்தை, அவ, நான் நாலு பேரும் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுல நின்னோம். வாத்தியார் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒரு தடவ படிச்சாரு. அப்புறம் இன்னொரு தடவ படிச்சாரு. நிமிந்து எங்களப் பாத்தாரு.

"இது போகச் சொன்ன கடுதாசி இல்லையே. பாரம் எழுதுனப்புறம் குடும்பத்துல யாருக்காவது கல்யாணமாகியிருந்தா, அவங்களத் தனியாப் பிரிச்சு எழுதணும், பதிவுப் பத்திரத்த ஒரு மாசத்துக்குள்ள அனுப்புங்கன்னு கேட்டிருக்கான்."

கடுதாசியோட மேல அடிச்சிருந்த தேதிய விரல வெச்சு எண்ணிப் பாத்தாரு.

"தேதி முடிஞ்சு ஒம்போது நாளாச்சே"ன்னாரு வாத்தியார்.

அந்தக் கடுதாசிதான் அவள என்கிட்ட விட்டுட்டுப் போறதுக்கு வந்த ஒரே கடுதாசி. அதத்தான் நான் ஒளிச்சு வெச்சேன். 

மாமா ரொம்பப் பொறுமைசாலி. அவரு மெதுவாத்தான் கேட்டாரு: "இத்தனை நாளா எங்க கெடந்துச்சு இது?"

 அவ என்னைப் பாக்கல. அப்பனப் பாத்துச் சொன்னா: "தபாலு லேட்டுப்பா. கொழும்புலேருந்து வர்றதே லேட்டு. இவரு என்னா பண்ணுவாரு?"

மாமா தலைய ஆட்டிக்கிட்டாரு. "ஆமா, நம்ம சனங்க கடுதாசின்னா அவனுகளுக்கு எளப்பம்"னு முணுமுணுத்தாரு. நான் அப்பயாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். சொல்லல. அவ எனக்காகச் சொன்ன பொய்க்குள்ள போயி ஒண்டிக்கிட்டேன்.

அப்புறம் நான் அலையாத அலைச்சல் இல்ல. கல்யாணத்தப் பதிய ஹட்டனுக்கு ஓடுனேன், அவ பொறப்புப் பத்திரம் வேணும்னாங்க. அது பாஸ்போட்டு பாரத்தோட கொழும்புல இருக்கு. கொழும்புக்குப் போனேன், பத்திரத்தக் குடுக்கணும்னா கல்யாணப் பதிவு வேணும்னாங்க. செக்குமாடு கூட ஒரு எடத்துல சுத்தும், என்னை ரெண்டு ஊருக்கும் நடுவுல சுத்த விட்டானுக. கடைசியா ஒரு ஐயா இரக்கப்பட்டு, "தம்பி, லிஸ்ட் அடிச்சு முடிஞ்சுட்டு. போயிட்டு வரட்டும், அங்கேருந்து எழுதச் சொல்லுங்க"ன்னாரு. பக்கத்துக் கடைக்குப் போயிட்டு வர்ற மாதிரி சொன்னாரு. நானும் கூடவே போயிரலாம்னு பாத்தா, எனக்கு எந்த நாட்டுப் பேப்பரும் கெடையாது. இங்கன்னு எங்கப்பா எழுதிப் போட்டாரே ஒழிய, இந்த நாடு எங்கள இன்னும் சேத்துக்கல.

கொழும்பு ஐயா சொன்னத வந்து சொன்னப்புறம் நாலு நாள் அவ என்கிட்ட பேசல. அஞ்சாம் நாள், பீலியில வாளிய வெச்சுக்கிட்டே, "சைக்கிள எடுங்க"ன்னா. அதுக்குள்ள போற தேதியும் வந்துருச்சு, கப்பலுக்கு இன்னும் மூணு மாசம் இருந்துச்சு. மூணு தடவ போனோம். கோவத்த அவ எங்க வெச்சான்னு எனக்குத் தெரியாது. திட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும்.

கடைசித் தடவ, கப்பலுக்கு ஒரு வாரம் இருக்கறப்ப, சூடம் ஏத்திக்கிட்டு இருந்தா. வழக்கம் போல ஊரு சனங்க குடுத்து விட்டது. நான் சொன்னேன்: "புள்ள, நீ எறங்க வேணாம். இங்கயே இருந்துருவோம். டென்ட்டு இருக்கு, ஓடை இருக்கு. நான் கீழ போயி மாவு கொண்டாரேன். தேடி அலுத்துப் போயிருவானுக."

அவ சிரிச்சா. நான் நெசமாத்தான் சொல்றேன்னு தெரிஞ்சதும் சிரிப்ப நிப்பாட்டுனா. "எட்டுப் பேரு பாஸ்போட்டுங்க. ஒருத்தி கொறைஞ்சா எட்டுப் பேரையும் எறக்கி விட்ருவாங்களாம். எங்கப்பாவுக்குத் தோட்டத்துல பேரு வெட்டியாச்சு. காம்பராவ வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. அவங்க எங்க போயி நிப்பாங்க?"

 அவ கடைசிச் சூடத்தக் கல்லு மேல வெச்சுட்டு, "ஊருக்கெல்லாம் ஏத்துனோம், நமக்குன்னு ஒண்ணு கொண்டாந்து ஏத்தலயே"ன்னா. அதுவும் பீலிக்குப் பக்கத்து வீட்டுக்காரம்மா மருமக பிரசவத்துக்குக் குடுத்தது. அந்தம்மா பேரச் சொல்லித்தான் ஏத்துனா. அதுல கூட அவ ஏமாத்தல.

தலவாக்கலை ஸ்டேசனுக்கு அவங்க லொறியில போனாங்க. நான் பின்னால சைக்கிள்ல போனேன். கேரியர்ல டென்ட்டு. அவதான் கேட்டிருந்தா: "அத எனக்குக் குடுத்துருங்க. சாமான் கட்டிக்கிறேன்"னு. ஸ்டேசன்ல கால் வைக்க எடமில்ல. எல்லாத் தோட்டத்துச் சனமும் கட்டிப் புடிச்சுக்கிட்டுக் கதறுது. அந்த ரயிலுக்கே ஒப்பாரிக் கோச்சின்னு பேரு. மாமா என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, "தபாலு மட்டும் நேரத்துக்கு வந்திருந்தா மாப்புள…"ன்னு அழுதாரு. அதக் கேட்டுக்கிட்டு நான் உயிரோட நின்னேன். அவ ஜன்னலுக்குள்ளேருந்து கையை நீட்டுனா. கையக் கேக்குறான்னு நான் போனேன். "டென்ட்டு"ன்னா. ரப்பர அவுத்து, சுருட்டத் தூக்கி ஜன்னல் வழியா உள்ள தள்ளுனேன். அது போறதுக்கும் கோச்சி நகர்றதுக்கும் சரியா இருந்துச்சு. வர்றப்ப வெறும் கேரியரு கடகடன்னு ஆடிக்கிட்டே வந்துச்சு, பதினஞ்சு மைலுக்கு.

மொத வருசம் கடுதாசி வந்துச்சு. மண்டபம் கேம்ப்புல இருக்கோம், வெயிலு தாங்க முடியல, டென்ட்டத் தலைக்கு மேல கட்டி அதுக்குள்ள நாலு பேரு உக்காந்திருக்கோம்னு எழுதுனா. அப்புறம் ஊட்டிப் பக்கம் ஒரு தேயிலைக் காட்டுல வேலை குடுத்திருக்காங்கன்னு எழுதுனா. இங்க மாதிரியே பனி, ஆனா பீலித் தண்ணி ருசி இல்லன்னு எழுதுனா. எனக்கு விசா எடுக்க மாமா அங்க அலைஞ்சாரு, நான் இங்க அலைஞ்சேன். கல்யாணத்துக்கு அத்தாட்சி எங்கன்னு ரெண்டு பக்கமும் ஒரே கேள்வி. கடுதாசி கொறைஞ்சுச்சு. அப்புறம் நின்னுருச்சு. நான் தெனமும் தபால் கந்தோர்ல கட்ட ரெண்டு தடவ பொரட்டிப் பாப்பேன். மூணு வருசம் பொரட்டுனேன்.

எண்பதுகள் பொறந்தப்புறம் ஒருநா வந்துச்சு. இந்திய முத்திரை, அவ கையெழுத்து. பாலத்துச் சொவத்துல சைக்கிளச் சாத்திட்டு, நின்ன எடத்துலயே பிரிச்சேன். இனி என் கையில ஒரு கடுதாசி தாமதமாகாதுன்னு என்னைக்கோ சத்தியம் பண்ணியிருந்தேன்.

"எனக்கு இங்க ஒருத்தருக்குக் கட்டி வெச்சுட்டாங்க. பேப்பர்ல நான் கல்யாணமாகாதவதானே. அப்பா சாகக் கெடந்துக்கிட்டுக் கெஞ்சுனாரு, என்னால தட்ட முடியல. அவரு போயிச் சேந்துட்டாரு. கடைசி வரைக்கும் தபாலு லேட்டுன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. நான் மாத்திச் சொல்லல. போன மாசம் ஆம்பளப் பிள்ளை பொறந்திருக்கு. நம்ம டென்ட்டத்தான் தூளியாக் கட்டிருக்கேன். மெழுகு வாசம் இன்னும் போகல. இனிமே எழுத மாட்டேன். நீங்களும் ஒரு நல்ல பொண்ணாப் பாத்துக் கட்டிக்கங்க."

கோவம் வரல. வர்றதுக்கு எனக்கு என்னா யோக்கியதை இருக்கு? அழுதேன். ரோட்டுல போனவங்க யாரு செத்ததுன்னு கேட்டாங்க. ஒருத்தரும் சாகலன்னு சொன்னேன். அப்புறம் சைக்கிளத் திருப்பிக்கிட்டு டவுனுக்கே போனேன். தபால் கந்தோர்ல ஒரு வான் கடுதாசி வாங்கி, அங்கயே பலகையில வெச்சு எழுதுனேன். என்னென்னமோ எழுதத்தான் நெனச்சேன். மன்னிச்சுருன்னு எழுதி அடிச்சேன். எப்புடி இருக்கன்னு எழுதி அடிச்சேன். கடைசியில எழுதுனது இவ்வளவுதான்:

"நடுத் தையல் வலுவில்ல. பிள்ளை எடை போட்டா விட்டுரும். ரெட்ட நூலு போட்டு ரெண்டு தடவ தச்சுக்க."

ஒட்டி, பெட்டியில போடாம, மாத்தையா கையிலயே குடுத்தேன். "அத யனவாத?"ன்னு கேட்டேன். இன்னிக்கே போகும்னு சொன்னாரு. கட்டுக்குள்ள அது ஏறி, பைய அரக்கு வெச்சு, பஸ்ஸுல தூக்கிப் போட்ட வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் சைக்கிள எடுத்தேன்.